ஒன்பதாவது ஆள் அடித்த பந்து

என் இடது கை மேலே போய்விட்டது.

நான் தூக்கவில்லை, அதுவாகப் போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஷார்ஜாவிலிருந்து தைத் போகிற சாலையில், உள்ளே தள்ளி ஒரு மணல் மைதானம். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மேசை, மேசைமேல் ஸ்கோர் நோட்டு, காற்றில் தாள் புரளாமல் இருக்க அதன்மேல் என் கார் சாவி. முதல் பேஸ் பக்கத்தில் நின்ற அம்பயர் இக்பால் பாய் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். என் கை மேலே போனது.

மைதானத்தின் எதிர்க்கோடியில், பலகையில் எண் அட்டை மாட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ் பிலிப்பைன்ஸ்காரர் ரோடல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் அவர் வேலையே அதுதான். எட்டு என்ற அட்டையைக் கழற்றிவிட்டு ஒன்பதை மாட்டினார்.

அவ்வளவுதான், எங்கள் கம்பெனி ஆட்கள் பெஞ்சிலிருந்து எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். முதல் பேஸில் எங்கள் ஜெனரல் மேனேஜர் சீனிவாசன் சார், ஐம்பத்து நான்கு வயது, தொப்பையும் தொப்பியுமாக, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு குதித்தார். அவர் மனைவி போனில் படம் பிடித்துக்கொண்டே "சீனு! சீனு!" என்று கூவினார். நகமுரா என்ற ஜப்பான்கார எஞ்சினியர், யாரையும் தொட்டுப் பேசாத மனிதர், பக்கத்திலிருந்தவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் மட்டும் தூக்கிய கையை அவசரமாக இறக்கினேன். ஏனென்றால் அது ஹிட் இல்லை.

கை தூக்குகிற உத்தியோகம்

பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

நான் கிரிக்கெட் ஸ்கோரர். திருச்சியில் லீக் ஆட்டங்களுக்குப் பதினைந்து வருஷம் நோட்டு எழுதியவன். சிவப்பு, நீலம், பச்சை என்று பவுலருக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவிச் சீவி விரல் கறுத்துப் போனவன். கிரிக்கெட்டில் ஸ்கோரருக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. அம்பயர் காட்டுவதை எழுத வேண்டும். அவர் சைகை காட்டினால், பார்த்துவிட்டேன் என்று ஸ்கோரர் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்குகிற வரைக்கும் அவர் அடுத்த பந்தைப் போட விட மாட்டார். தூங்கி வழிகிற மத்தியான ஆட்டத்தில்கூட என் இடது கை தானாகப் போய் வரும். கல்யாண வீட்டில் யாராவது கையை விரித்துப் பேசினால்கூட எனக்குக் கை துடிக்கும் என்று என் மனைவி வசந்தி கேலி செய்வாள்.

இந்தக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலராகச் சேர வந்தபோது, பயோடேட்டாவின் கடைசி வரியில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'கிரிக்கெட் ஸ்கோரிங்' என்று எழுதியிருந்தேன். சீனிவாசன் சார் மற்ற எதையும் படிக்கவில்லை, அதை மட்டும் படித்தார். மயிலாப்பூரில் பிறந்து, டெக்சாஸில் இருபது வருஷம் இருந்து, பேஸ்பால் பைத்தியம் பிடித்து இங்கே வந்தவர் அவர்.

"பெர்ஃபெக்ட், மூர்த்தி. எங்க லீக்ல ஸ்கோரர் இல்லாம திண்டாடறோம். ரெண்டும் ஒண்ணுதான், வந்துடுங்க."

ரெண்டும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆயிற்று.

கிரிக்கெட் நோட்டில் நழுவவிட்ட கேட்சுக்கு இடமே கிடையாது. பந்து கையிலிருந்து விழுந்தால் பவுலர் திட்டுவார், நோட்டுக்கு அது தெரியாது. பேஸ்பால் நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அடித்தவர் தன் அடியால் ஓடி, மிதிக்க வேண்டிய பேஸுக்குப் போய்ச் சேர்ந்தாரா, அது ஹிட். ஃபீல்டர் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டதால் போய்ச் சேர்ந்தாரா, அது எரர், விட்டவரின் பேரில் விழும். இதை முடிவு செய்வது அம்பயர் இல்லை, ஸ்கோரர். அம்பயர் 'சேஃப்', அவுட் இல்லை, என்று மட்டும் காட்டுவார். ஏன் சேஃப் என்பதை ஸ்கோரர் சொல்ல வேண்டும். சாதாரண முயற்சியில் அந்தப் பந்தைப் பிடித்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. மைதானமே திரும்பி நம்மைப் பார்க்கும்.

எங்கள் லீக்கில் மின்பலகை எல்லாம் கிடையாது. நான் கையைத் தூக்கினால் ஹிட். இரண்டு முன்னங்கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினால் எரர். அதைப் பார்த்து அந்த இன்னிங்ஸின் ஹிட் கணக்குக்கு ரோடல் அட்டை மாட்டுவார்.

இன்னொரு விஷயம். பேஸ்பாலில் சேஃப் என்பதற்கு அம்பயர் காட்டுகிற சைகை கிரிக்கெட்டில் வைடுக்குக் காட்டுகிற அதே சைகை. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிப்பது. அதைக் கண்டால் என் கை கேட்காது. அதனால் மூன்று சீசனாக இடது கைக் கட்டைவிரலைப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டுதான் உட்காருவேன்.

அன்றைக்குச் செருகவில்லை.

ஒன்பதுக்கு ஒன்பது

ஏன் செருகவில்லை என்றால், நானும் மயங்கிப் போயிருந்தேன்.

ஐந்தாவது இன்னிங்ஸ். எதிரணி ஜெபல் அலியிலிருந்து வந்த கிடங்குக் கம்பெனி. அவர்களுடைய பவுலர், அங்கே பிட்சர் என்பார்கள், தோள் வலியோடு எறிந்துகொண்டிருந்தார். நகமுரா முதலில் வந்து இடது பக்கம் ஒன்றைத் தட்டினார். ஹிட். அடுத்தவர் ஹிட். அதற்கடுத்தவர் ஹிட். நான்காமவர் வேலிக்கு மேலே அனுப்பினார். ஐந்து, ஆறு, ஏழு என்று ஒருவர் பின் ஒருவராக அடித்துக்கொண்டே போனார்கள். எட்டாவது ஆள் அடித்துவிட்டு இரண்டாவது பேஸில் போய் நின்றபோது மைதானத்தில் சத்தமே இல்லை.

ஒரே இன்னிங்ஸில் ஒரு அணியின் ஒன்பது பேரும் ஹிட் அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அமெரிக்காவின் பெரிய லீக்கில், இத்தனை தலைமுறை ஆட்டத்தில், அது விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் நடந்திருக்கிறது என்று சீனிவாசன் சார் அடிக்கடி சொல்வார். நான்கு பேர் அடுத்தடுத்து வேலிக்கு மேலே அடித்த கதை, ஒரே இன்னிங்ஸில் பதினேழு ஓட்டம் எடுத்த கதை எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லிக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். அதில் ஒருத்தருடைய பெருமை மட்டும் இல்லை, கடைசி ஆள் வரைக்கும் எல்லாரும் அடித்திருக்க வேண்டும், அதுதான் அழகு என்பார்.

கடைசி ஆள் அவர்தான். அணியிலேயே மட்டமாக அடிப்பவரை ஒன்பதாவதாக இறக்குவார்கள். ஜெனரல் மேனேஜராக இருந்தும் அவர் அதை மாற்றிக்கொண்டதில்லை. அந்த சீசனில் அவருக்கு ஒரு ஹிட்கூட இல்லை.

அவர் அடித்தார். பந்து தரையோடு தரையாக உருண்டு மூன்றாவது பேஸ்காரரிடம் நேராகப் போனது. துள்ளவில்லை, திரும்பவில்லை. சுதன் என்று பெயர், வவுனியாப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயசிருக்கும், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அந்த லீக்கிலேயே நல்ல கை அவருடையதுதான். குனிந்தார், பந்து கையுறைக்குள் போனது, வெளியே விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. அதற்குள் சீனிவாசன் சார் மூச்சு வாங்க முதல் பேஸை மிதித்துவிட்டார்.

இக்பால் பாய் கையை விரித்தார்.

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். "பாய், ஏக் மினிட்" என்று எழுந்தேன். அவர் என் பக்கமே திரும்பாமல், "யல்லா, கலாஸ், முடிஞ்சது, அடுத்த ஆள்!" என்று கத்தினார். முதல் பேஸிலிருந்து சீனிவாசன் சார் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மேசைமேல் இன்னொரு தாள்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு சின்ன கட்டத்தில் ஒரு எழுத்து, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைப்பீர்கள்.

என் விசா டிசம்பரில் முடிகிறது. ரின்யூவல் தாள் கையெழுத்துக்காகச் சீனிவாசன் சார் மேசைக்குப் போயிருந்தது. அப்போது கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய புராஜெக்ட் ஒன்று முடிந்து அடுத்தது வரவில்லை. எங்கள் தளத்தில் பாதி நாற்காலி காலி. திங்கட்கிழமை வந்தால் யார் மேசையிலாவது சாமானைக் கட்டிக்கொண்டு போக ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். ரின்யூவல் தாள் கையெழுத்தாகி வந்தால் இன்னும் இரண்டு வருஷம். கையெழுத்தாகாமல் வந்தால் முப்பது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

என் மகள் பத்தாம் வகுப்பு. பிப்ரவரியில் பரீட்சை. டிசம்பரில் கிளம்பச் சொன்னால் அவள் பரீட்சையை எங்கே போய் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முவைலாவில் எங்கள் ஃப்ளாட்டின் கூடத்தில் அவள் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறபோதெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா, வை ஆர் யூ ஸ்டேரிங்?" என்று கேட்பாள். சும்மாதான் கண்ணு என்பேன்.

ஆகவே அந்தக் கையைத் தூக்கியது பழக்கமா, பயமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

சலாலாவில் ஒரு லெக் பை

நான் எப்போதும் இப்படித் தொடைநடுங்கியாக இருந்தவன் இல்லை, நம்புங்கள்.

வளைகுடாவுக்கு வந்த புதிதில் ஓமான் நாட்டுச் சலாலாவில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. மழைத்தூறல் மாதங்களில் மலையெல்லாம் பச்சையாகிவிடும், ஊசித் தூறல் விடாமல் விழும். அதிலும் கம்பெனிகளுக்குள் கிரிக்கெட் நடக்கும். ஒரு ஆட்டத்தில் என் நோட்டுக்கும் அடுத்த அணி ஸ்கோரரான கருணாகரன் என்ற மலையாளத்துக்காரரின் நோட்டுக்கும் ஒரு ரன் இடித்தது. எங்கள் அணி ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக் கோப்பையைக்கூடத் தூக்கிவிட்டார்கள். கேம்ப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

நான் நோட்டை மூட மாட்டேன் என்றேன். புராஜெக்ட் மேனேஜர் வந்து கத்தினார், "கலாஸ், ஜல்தி ஏறு!" என்று. ஏறவில்லை. ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ள, ஓவர் ஓவராகப் பார்த்தோம். பதினாலாவது ஓவரில் ஒரு லெக் பையை, பந்து காலில் பட்டு ஓடி எடுத்த ரன்னை, நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன். ஆட்டம் டை. எங்கள் ஆட்களே கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. சோறு நன்றாகத்தான் இறங்கியது, தூக்கமும் வந்தது.

அப்போது விசா போனால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இப்போது பெட்டிக்குப் பின்னால் ஒரு வீடே இருக்கிறது.

இருபத்து நான்கு மணி நேரம்

எங்கள் லீக்கில் ஒரு விதி. ஆட்டம் முடிந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

ஆட்டம் ஞாயிறு பதினொன்றரைக்கு முடிந்தது. நோட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கோர் தாளைக் கேட்டு அத்தனை பேரும் அரிக்க ஆரம்பித்தார்கள். நகமுரா மட்டும் மேசைக்கு வந்தார். அவர் தனக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்து எழுதுகிறவர். அதைத் திறந்து காட்டினார். ஒன்பதாவது கட்டம் அதிலும் காலி.

"நான் காத்திருக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "ஸ்கோரர் நீங்கள்தான்."

பென்சிலால் ஹிட் என்று எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். கைதட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன.

வீட்டில் வசந்தி வத்தக்குழம்பு வைத்திருந்தாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்னாச்சு? முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு தட்டில் அப்பளத்தை வைத்தாள்.

"அந்தப் பையன் பந்தை விட்டானா?"

"விட்டான்."

"அவனுக்கு இதுல நஷ்டம் ஏதாவது?"

"இல்லை. ஹிட்டுன்னா அவன் பேர்ல தப்பே இல்லை. அவனுக்கும் நல்லதுதான்."

"உங்க சாருக்கு?"

"சந்தோஷத்துல மனுஷன் குதிக்கறார்."

"அப்புறம் யாருக்குங்க கஷ்டம்? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. புள்ளை பரீட்சை முடியட்டும்."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் என்னை இன்னும் படுத்தியது. யாருக்காவது கெடுதல் என்றால் அதைச் சாக்காக வைத்தாவது மாற்றிவிடலாம்.

நாலு மணிக்கு சீனிவாசன் சாரிடமிருந்து குரல் பதிவு. பின்னால் சிரிப்புச் சத்தம். "மூர்த்தி, ஹூஸ்டன்ல இருக்கற என் பழைய டீம் அத்தனை பேருக்கும் ஸ்கோர் ஷீட்டை அனுப்பிட்டேன். ஒருத்தன் அழறான்யா! நாளைக்குப் பதினொரு மணிக்கு ஆபீஸ்ல கேக். நீங்கதான் பக்கத்துல நிக்கணும்." மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

மாலையில் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"அண்ணை, நான் சுதன் கதைக்கிறன். மூண்டாம் பேஸ்."

"சொல்லுங்க தம்பி."

"நீங்கள் ஹிட் எண்டு போட்டிருக்கிறியள். எனக்கு நல்லம்தான், பேரில பிழை விழேல்லை. ஆனா எனக்கு விளங்கேல்லை அண்ணை. அந்தப் பந்தைப் பள்ளிக்கூடப் பெடியனும் பிடிப்பான். நான் விட்டனான்."

"கை பழக்கத்துல தூக்கிட்டேன் தம்பி. கிரிக்கெட் பழக்கம்."

"ஓம், ஓம்" என்றார். "எங்கட ஆக்கள் சிரிக்கினம். அடிச்ச ஆள் இவற்ற மனேஜர்தானே, வேற என்ன போடுவார் எண்டு. நான் சொன்னன், அண்ணை அப்படி ஆள் இல்லை, போன முறை தன்ட கம்பெனிக்கே மூண்டு எரர் போட்டவர் எண்டு. அதான் கேட்டுப் பாப்பம் எண்டு எடுத்தன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறியிருப்பேன். போனை வைத்த பிறகு காது சுட்டது.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம்

திங்கட்கிழமை காலை ஆபீசில் சீனிவாசன் சார் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், அவருடைய அதிர்ஷ்டச் சட்டை. பேன்ட்ரியில் பெரிய அட்டைப்பெட்டியில் கேக். மேலே க்ரீமில் '9/9' என்று எழுதியிருந்தது.

ஒன்பது மணியிலிருந்து நான் அவர் அறைக்கு எதிரே நாலு தடவை நடந்தேன். ஒரு தடவை அவர் போனில். ஒரு தடவை ஹெச்.ஆர். பெண் உள்ளே, கையில் தாள்களோடு. அந்தத் தாள்களில் என்னுடையது இருக்கிறதா என்று கண்ணாடிக் கதவு வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வெட்கக்கேடு, ஆனால் பார்த்தேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது கதவைத் தட்டினேன். ஸ்கோர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க, ஹீரோ!" என்றார். "உக்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச வராது என்று பட்டது.

"சார், நேத்து உங்க பந்து. அது எரர் சார். நான் கையைத் தெரியாம தூக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பந்து துள்ளுச்சு."

"துள்ளலை சார். உருண்டுதான் வந்துச்சு."

"நான் வேகமா ஓடினேன்."

நான் நோட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்யா," என்றார், அதுவரை 'நீங்க, வாங்க' என்று பேசியவர். "உனக்கு இதுல என்னய்யா கெட்டுப் போச்சு? எத்தனை வருஷம் தெரியுமா நான் இந்த ஆட்டத்தை ஆடறேன்? எட்டு பேர் அடிச்சு வச்சுட்டு, நான் ஒருத்தன் கெடுத்தேன்னு ஆகணுமா?"

"மன்னிச்சிடுங்க சார். பதினொன்றரை வரைக்கும் மாத்தலாம். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"என்கிட்ட எதுக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் பேட்டர்யா. பேட்டர்கிட்ட வந்து பர்மிஷன் கேட்டு எரர் போடற ஸ்கோரரை நான் எங்கயும் பார்த்ததில்லை. இப்ப நான் வேண்டாம்னு சொன்னா போட மாட்டியா?"

அவர் கேட்டது சரி. நான் உண்மையைச் சொல்ல வந்ததாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். உள்ளுக்குள், 'விடுங்க மூர்த்தி, இருந்துட்டுப் போகட்டும்' என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால், அவர் சொன்னார் என்று நிம்மதியாக வெளியே வந்திருப்பேன்.

"போ," என்றார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். பதினொன்று ஐந்து. மகளுடைய கணக்குப் புத்தகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது, அவள் பக்கம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. ரப்பரை எடுத்து ஹிட்டை அழித்தேன். எரர் என்று போட்டு மூன்றாவது பேஸ்காரருக்கான ஐந்தாம் எண்ணை எழுதினேன். இந்தத் தடவை பேனாவால் எழுதினேன். படமெடுத்தேன். அனுப்புகிற பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மகளே மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, அழுத்தினேன்.

குழுவில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சுதனிடமிருந்து மட்டும் கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது.

பேன்ட்ரியில் முப்பது பேர் கேக்கைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனிவாசன் சார் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. "கட் பண்ணுங்கப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கிப் போய்விட்டார். யாரும் கத்தியைத் தொடவில்லை. கடைசியில் ரோடல் ஒரு ஸ்பூனால் முதல் ஒன்பதின் மேல் க்ரீமை இழுத்து எட்டாக்கினார். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பதினொரு நாள்

அடுத்த பதினொரு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள், வசந்தியைக் கேளுங்கள்.

சீனிவாசன் சார் என்னோடு பேசவில்லை. வேலை விஷயம் மெயிலில் வந்தது. லிஃப்டில் ஒரு தடவை இரண்டு பேர் மட்டும் மாட்டிக்கொண்டோம். ஏழு மாடிக்கும் அவர் எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோடலுக்கு ரின்யூவல் வந்தது. அக்கவுன்ட்ஸில் ஒருவருக்கு அட்டைப்பெட்டி வந்தது. விசா வேலையெல்லாம் பி.ஆர்.ஓ.தான் பார்ப்பார். ஹெச்.ஆர். பெண்ணிடம் கேட்டால், "பி.ஆர்.ஓ. லீவில் இருக்கிறார் சார், வந்ததும் சொல்கிறேன்" என்பதே பதில். வீட்டில் நான் ரகசியமாகத் திருச்சியில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போன் செய்தேன். பத்தாம் வகுப்பில் நடுவில் சேர்க்க மாட்டோம் என்றார்கள் இருவரும்.

வசந்தி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பாத்திரத்தை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பி.ஆர்.ஓ. என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், கண்ணூர்க்காரர், ஊரில் தங்கைக்குக் கல்யாணம் என்று போயிருந்தவர். பழுப்பு உறையை நீட்டி, "ஸாரி சேட்டா, டிராயரில் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்" என்றார்.

உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரித்தேன். ரின்யூவல் தாள். இரண்டு வருஷம். கீழே சீனிவாசன் சாருடைய சாய்ந்த கையெழுத்து. பக்கத்தில் தேதி.

ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

இரண்டு தடவை படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பேஸில் நின்று என்னைக் கும்பிட்டபோது இந்தத் தாள் கையெழுத்தாகி டிராயரில் பூட்டிக் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை அவர் அறையில் நான் நடுங்கிக்கொண்டு நின்றபோதும். நான் எதற்கு நடுங்குகிறேன் என்று அவருக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு பந்துக்காக ஒருத்தன் வேலையைப் பறிப்பார் என்று, நான்தான் அந்த மனிதரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு எண்ணத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தேதியைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையேவா? இதுக்கா பன்னெண்டு நாளா சோறு இறங்காம கிடந்தீங்க?"

"தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா?"

"அன்னைக்கே, அந்த இடத்துலயே எழுந்து நின்னு எரர் போட்டிருப்பேன். ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன்."

அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். உள்ளே மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வசந்தி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்தானது தெரியாமதானே எரர் போட்டீங்க," என்றாள். "வாங்க, சாப்பிடுங்க."